"தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு, டீச்சர்?"

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அனுபவப் பகிர்வு என்று எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் நாம் வெற்றி பெற்ற கதையைத்தான் சொல்வோம். நான் என் வீட்டு மீன் தொட்டியில் இரண்டு மீன்களைச் சாகடித்த கதையிலிருந்து தொடங்குகிறேன். அந்த மீன்கள் செத்த பிறகுதான், என் மாணவர்களின் செய்முறை நோட்டுகளில் நான் பல ஆண்டுகளாக 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அளவீடுகளில் எத்தனை உண்மை, எத்தனை கற்பனை என்பது எனக்குத் தெரிய வந்தது.

எனக்கு வீடு பெரம்பலூரில். பள்ளி அரியலூர்ப் பக்கம். தினமும் பேருந்தில் போகும்போது சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டே இருக்கும். எல்லாம் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் கல். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால், "குவாரியிலிருந்து" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதற்கு முன்னால் எங்கிருந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

நம் மண் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கிரெட்டேசியஸ் காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. காரை கிராமத்தின் செம்மண் சரிவுகளில் அம்மோனைட்டு எனப்படும் சுருள் ஓட்டு உயிரிகளின் படிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாக மாறிக் கிடக்கும் மரத்தை 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னார். கடலோரத்தில் நின்ற மரம் அடித்து வரப்பட்டு, கடலடி மணலில் புதைந்து கல்லானது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளப் பாறையின் மிச்சமே இருக்கிறது. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவர்கள் இவற்றையெல்லாம் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் என் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேரில் கடலை நேரில் பார்த்தவர்கள் ஒன்பது பேர்தான். கடலடியில் குடியிருக்கிற பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை! உயிரோடு இருக்கும் கடலில் ஒரு துண்டையாவது இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அப்படித்தான் கடல்மீன் தொட்டி என்ற எண்ணம் பிறந்தது. எந்த மீன் என்று கேட்டபோது வகுப்பே ஒரே குரலில் "நீமோ" என்றது. 2003இல் வந்த படம், இவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதாவது கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை.

நான்காம் நாள்

தொட்டியை வீட்டில்தான் வைத்தேன். பள்ளியில் இரவில் மின்சாரம் போனால் பார்க்க ஆள் கிடையாது. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். செயற்கைக் கடல் உப்பு வாங்கினேன். கடைக்காரர், "தண்ணீரில் உப்பைக் கரையுங்கள், ஒரு நாள் மோட்டாரை ஓடவிடுங்கள், மறுநாள் மீனை விட்டுவிடலாம்" என்றார். நானும் அப்படியே செய்தேன். என் மாமியார் விலையைக் கேட்டுவிட்டு, "குழம்பு வைக்க முடியாத மீனுக்கா இம்புட்டுக் காசு?" என்றார்.

மூன்று நாள் நன்றாக இருந்தன. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இருந்த ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் காலையில் ஒன்று நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் மூடி படபடவென்று அடித்தது. மாலையில் பள்ளி விட்டு வந்தபோது செத்துக் கிடந்தது. மறுநாள் மற்றொன்று.

வகுப்பில் சொல்ல வேண்டுமே. முதலில், "மீனுக்கு ஏதோ நோய் போலிருக்கிறது" என்றேன். அப்போது முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: "தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு, டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. உண்மைதான், தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. அன்று இரவு படித்துப் பார்த்தபோதுதான் நான் செய்தது புரிந்தது. நைட்ரஜன் சுழற்சியை இத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துகிறேன். என் வீட்டுத் தொட்டியில் அதே சுழற்சி நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீனின் செவுள் வழியாகவும் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் அதுவும் குறையும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருக்காது. வடிகட்டியிலும் மணலிலும் கற்களிலும் அவை ஒட்டிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அந்தத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவு, மீனுக்கு விஷம். கடல்நீரின் பி.எச். மதிப்பு 8.2 அளவில் காரத்தன்மையோடு இருப்பதால், அம்மோனியாவின் நஞ்சு நன்னீரைவிட இங்கே அதிகம். வேதியியல் நடத்துபவர்களுக்கு இதற்கான காரணம் தெரியும்: காரத்தன்மை கூடக் கூட, அம்மோனியம் அயனி குறைந்து அம்மோனியா மிகும்.

ஆடு தின்ற செடி

ஒரு பரிசோதனைப் பெட்டி வாங்கி, தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் வகுப்புக்கு எடுத்துப் போனேன். இன்னொரு பாட்டிலில் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர். இரண்டையும் மேசையில் வைத்து, "எது தொட்டித் தண்ணீர்?" என்று கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு சோதனைக் குழாயிலும் சொட்டு மருந்தை விட்டோம். ஒன்று மஞ்சளாகவே நின்றது. மற்றொன்று மெல்ல மெல்லக் கரும்பச்சையானது. வகுப்பு அமைதியாகிவிட்டது.

"நேற்று நோய் என்று சொன்னேன். அது பொய். இந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் மீனை விட்டது நான். அவை செத்தது என்னால்தான்" என்றேன்.

சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருபது ஆண்டு ஆசிரியர் பணியில் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இடைவேளையில் ஒரு மாணவன் வந்து நின்றான். "டீச்சர், நானும் ஒண்ணு சொல்லணும்" என்றான். அவரை விதை முளைப்புச் சோதனை கொடுத்திருந்தேன் அல்லவா? ஏழு நாள், தினமும் செடியின் உயரத்தை அளந்து எழுத வேண்டும். "மூணாம் நாளே எங்க வீட்டு ஆடு செடியைத் தின்னுடுச்சு, டீச்சர். மிச்ச நாலு நாளும் நானா எழுதினது."

அவன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழு நாளும் ஒழுங்காக உயரம் ஏறியிருந்தது. அழகான வரைபடம். கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து: 'நன்று'. ஆடு தின்ற செடிக்கு நான் 'நன்று' போட்டிருக்கிறேன்!

மறுநாள் வகுப்பில், "கோபப்பட மாட்டேன், மதிப்பெண்ணும் குறைக்க மாட்டேன். யாரெல்லாம் அளக்காமல் எழுதினீர்கள்?" என்று கேட்டேன். முதலில் இரண்டு கை எழுந்தது. பிறகு பதினேழு.

நண்பர்களே, இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியுமா? தனி ஊசல் சோதனையில் விடை 9.8 வர வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டு, பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை எழுதியவர்கள் இந்த அறையில் எத்தனை பேர்? சிரிக்கிறீர்கள். நானும் கல்லூரியில் அதைத்தான் செய்தேன். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால், அளப்பதைவிட எழுதுவது சுலபம். நோட்டில் எழுதிய பொய்யால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. அவரைச் செடி கேள்வி கேட்காது.

மீன் தொட்டியில் அப்படி இல்லை. அம்மோனியா பூஜ்யம் என்று பொய்யாக எழுதினால் மீன் செத்துவிடும்.

38 நாள், மீன் இல்லாத தொட்டி

இரண்டாவது முறை தொட்டியைத் தயார் செய்தது வகுப்புதான். நான் தண்ணீரைக் கொண்டுவரும் ஆள், அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. 90க்கு 45, நீர் 40 செ.மீ. உயரம். பெருக்கினால் 1,62,000 கன செ.மீ., அதாவது 162 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆக 5 கிலோ 670 கிராம். "சமையல் உப்பையே போடலாமே, டீச்சர்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. கடல் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் சோடியம் குளோரைடுதான். மீதியில்தான் மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் சல்பேட்டும் பைகார்பனேட்டும் இருக்கின்றன. கடல் உயிருக்கு அவையும் வேண்டும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் நேரடியாகப் பயன்படுத்தவில்லை. சுண்ணாம்புப் பூமியின் தண்ணீர் கடினமானது. அதில் ஏற்கெனவே என்ன கரைந்திருக்கிறது என்று தெரியாமல் அதன் மேல் உப்பைக் கரைக்கக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரில்தான் கரைத்தோம்.

மீன் விடவில்லை. ஒரு சிறு இறால் துண்டைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டோம். அதுதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தினமும் காலையில் சின்ன பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவேன். இருவர் இருவராக முறை போட்டுச் சோதித்து நோட்டில் எழுதுவார்கள். ஒரே ஒரு விதி: கண்ணில் தெரிந்த நிறத்தை மட்டும் எழுத வேண்டும். இருவருக்கும் நிறத்தில் ஒத்த கருத்து இல்லையென்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அம்மோனியா ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. அதே நாட்களில் நைட்ரைட் ஏறியது. சோதனைக் குழாய் ஊதாவாகிக்கொண்டே போனது. நான்காம் வாரம் நைட்ரைட் அப்படியே நின்றது. பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. "எப்ப டீச்சர் மீன் வரும்?" ஒரு நாள் முறை வந்த ஜோடியில் ஒருவன், "கொஞ்சம் கம்மியா எழுதிடலாமா, டீச்சர்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், ஆடு தின்ற செடிக்காரன் சொன்னான்: "எழுதலாம்டா. மீனு ஒத்துக்கணுமே."

38ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். மூன்று நாள் தொடர்ந்து அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் மீன் வாங்கினேன். பையை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தி, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீன்களை மட்டும் தொட்டிக்கு மாற்றினோம். அந்த இரண்டு மீன்களும் இன்றும் இருக்கின்றன.

தொட்டி எடுத்த பாடங்கள்

நம்மூர்க் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கோமாளி மீனுக்கு 25 முதல் 28 டிகிரி வரை உகந்தது. நீர்மட்டத்தின் மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வாரத்துக்கு 9 லிட்டர் குறைந்தால் என்ன ஆகும்? மீதி 153 லிட்டரில் அதே 5,670 கிராம் உப்பு. லிட்டருக்கு 37 கிராம். அதை ஈடுகட்ட உப்புத் தண்ணீர் ஊற்றினால், ஒவ்வொரு வாரமும் 315 கிராம் உப்பு கூடிக்கொண்டே போகும். நான்கு வாரத்தில் லிட்டருக்கு 42 கிராமைத் தாண்டிவிடும். ஆகவே ஆவியான அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். செறிவு என்ற பாடத்தை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

ஒரு மழை இரவில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. உப்பு நீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகவே கரையும். மோட்டார் நின்றால் மீனுக்கும் மூச்சு முட்டும், பாக்டீரியாவுக்கும் முட்டும். ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, டீ ஆற்றுவதுபோல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நான் ஓய்ந்ததும் என் மாமியார் சொம்பை வாங்கிக்கொண்டார். "உசுருன்னு ஆயிப்போச்சுல்ல" என்றார். அடுத்த வாரம் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கினோம்.

உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. ஒரு கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்தது அதன் இணையான ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இறந்தால், இணையான ஆண் பெண்ணாக மாறுகிறது. சிறியவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு வருகிறது. இதை நான் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு. அதற்கு நடுவே ஒருத்தி கேட்டாள்: "அப்ப நீமோவோட அம்மா செத்ததும், அவங்க அப்பா?" ஆமாம், உண்மையான கடலில் நீமோவின் அப்பா அம்மாவாகியிருக்கும் என்றேன். மறுபடியும் சிரிப்பு. "மனுசங்க, டீச்சர்?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலில் கேலி இருந்தது. "மீனின் வாழ்க்கையை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் ஆண், பெண் என்பதை இயற்கை நாம் நினைப்பதைவிடப் பல விதமாக வைத்திருக்கிறது. அதில் கேலி செய்ய எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

கடல் சாமந்திக்கும் இந்த மீனுக்கும் உள்ள உறவு நமக்குத் தெரிந்ததுதான். கொட்டும் செல்கள் நிறைந்த அதன் உணர்கொம்புகளுக்கு நடுவே, தன் உடலின் கோழைப் படலத்தின் பாதுகாப்பில் கோமாளி மீன் வாழ்கிறது. இதில் மீனுக்கு மட்டும்தான் லாபம் என்று படித்திருப்போம். ஆனால் சாமந்தியைக் கடித்துத் தின்ன வரும் மீன்களைக் கோமாளி மீன் விரட்டுகிறது. அதன் கழிவும் சாமந்திக்குச் சத்தாகிறது. இருவருக்கும் லாபம் என்பதே இன்றைய புரிதல். ஆனால் வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தியைக் காப்பாற்றுவது கடினம். மீனுக்கு அது கட்டாயமும் இல்லை. எங்கள் மீன்கள் ஒரு சிறு மண்சட்டியைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன.

வெள்ளாற்றின் மறுமுனை

இதைக் கேட்டு உங்களில் யாராவது கடல்மீன் வளர்க்க நினைத்தால், இரண்டு விஷயங்களைக் கவனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, பவளம் வாங்காதீர்கள். பவளப் பாறை உயிரிகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றவை. அலங்காரத்துக்கு உடைந்த மண்சட்டியும் ஓடும் போதும். இரண்டாவது, மீன் கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மன்னார் வளைகுடாவில் கரும்பழுப்பு உடலும் மஞ்சள் வாலும் கொண்ட சேபே வகைக் கோமாளி மீன் இருக்கிறது. பவளத் திட்டிலிருந்து ஒரு ஜோடியைப் பிடித்தால் ஒரு குடும்பமே கலைந்துவிடும்.

பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைப் பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதைவிட நமக்குப் பக்கத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைச் செய்திருக்கிறது. அந்த மையம் எந்த ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது தெரியுமா? வெள்ளாறு! நம் இரண்டு மாவட்டங்களின் வடக்கு எல்லையாக ஓடுகிறதே, அதே வெள்ளாறு. தொழுதூர்ப் பாலத்தில் நாம் கடந்து போகும் தண்ணீர், மழைக்காலத்தில் போய்ச் சேரும் இடத்தில் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பில் பல பிள்ளைகள் வரைபடத்தில் விரலை வைத்து ஆற்றைத் தொடர்ந்து போனார்கள். கடல் அவர்களுக்குத் தூரத்து விஷயமாக இல்லாமல் போனது அந்த நிமிடத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது.

பொரிப்பது எவ்வளவு கடினம் என்பதையும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். மறு ஆண்டு அரையாண்டுத் தேர்வுச் சமயத்தில் எங்கள் மீன்கள் மண்சட்டியின் உட்புறம் முட்டையிட்டன. ஆரஞ்சு நிறத்தில், அரிசியைவிடச் சிறியவை. ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை என்று எண்ணி, பரப்பால் பெருக்கி, ஏறத்தாழ 180 என்று பிள்ளைகள் கணக்கிட்டார்கள். ஆண் மீன் இரவு பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. நாள் போகப் போக முட்டைக்குள் வெள்ளி நிறக் கண்கள் தெரிந்தன. எட்டாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, பொரிந்தன. கண்ணாடித் தூள் போல் குஞ்சுகள்.

அவற்றுக்கு உயிருள்ள நுண்ணுணவு வேண்டும். ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரை முன்கூட்டியே வளர்த்து வைத்திருக்க வேண்டும். அந்த ரோட்டிபருக்கு உணவாக நுண்பாசியை அதற்கும் முன்பே வளர்த்து வைத்திருக்க வேண்டும். பொரிப்பகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். எங்களிடம் இரண்டும் இல்லை. தூளாக்கிய தீவனத்தைக் கொடுத்துப் பார்த்தோம். அவை தொடவில்லை.

அந்த நான்கு நாட்களும் குஞ்சுகளை எண்ணி எழுதும் பொறுப்பு, ஆடு தின்ற செடிக்காரனுடையது. அவன் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பாட்டி வீட்டில் தங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். தினமும் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போவான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் நாள்: எண்ண முடியவில்லை, நூற்றுக்கு மேல். இரண்டாம் நாள்: சுமார் 60. மூன்றாம் நாள்: 11. நான்காம் நாள்: 0. அதற்குப் பக்கத்தில் யாரும் கேட்காமலே ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: 'காரணம்: ரோட்டிபர் இல்லை. அடுத்த முறை முதலில் பாசி வளர்க்க வேண்டும்.'

அந்தப் பூஜ்யத்துக்குக் கீழேதான் நான் உண்மையிலேயே மனமார 'நன்று' என்று எழுதினேன்.

முடிப்பதற்கு முன்

ஒவ்வொரு பள்ளியிலும் கடல்மீன் தொட்டி வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. செலவு உண்டு, மின்சாரம் வேண்டும், விடுமுறையிலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஊர்க் குளத்துத் தண்ணீரின் கலங்கலை வாராவாரம் அளக்கலாம். பள்ளி வளாக மரத்தின் சுற்றளவை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அளக்கலாம். ஒரு மழைமானி வைக்கலாம். தொடக்கப் பள்ளியில் ஒரு தொட்டிச் செடி போதும். எதுவானாலும் பிள்ளைகள் எழுதும் அளவுக்கு ஒரு விளைவு இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து அடுத்த நாள் ஏதாவது ஒன்று முடிவு செய்யப்பட வேண்டும். 'செடி செத்துவிட்டது', 'ஆடு தின்றுவிட்டது', 'விடை 9.8 வரவில்லை' என்று எழுதும் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். அதற்கு முன்னால், நாம் தவறிய இடத்தை நாம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொல்லியிராவிட்டால் அந்த ஆட்டின் கதை எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

அந்த மாணவியின் கேள்வியை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு? நோட்டுகளும் தெளிவாகத்தான் இருந்தன. அழகான கையெழுத்து, கோடு போட்ட அட்டவணை, சரியான விடை. சோதித்துப் பார்க்காதது நான்தான்.

அடுத்த ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்குப் பரங்கிப்பேட்டை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் எங்கள் பாட்டில்களில் நுண்பாசி பச்சையாக வளரத் தொடங்கியிருக்கிறது. அந்த நோட்டையும் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். இதுவரை மூன்று தடவை பாசி செத்திருக்கிறது. மூன்றும் நோட்டில் இருக்கின்றன.